செம்பரம்பின் சினம்

கையுறை போடாமல் பரம்புக்குள் கால் வைக்கிறவனை அங்கேயே கட்டிவைத்து உதைக்கலாம் என்று ஒரு சட்டம் வராதா என்று இசக்கியம்மாள் பலமுறை ஏங்கியிருக்கிறாள். அன்று காலை அகழ்களத்தின் வேலியைத் தாண்டி வந்த படக்குழுவில் பாதிப்பேருக்குக் கையுறை இல்லை. ஒருவன் வெறுங்கையால் செம்மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்து, பழைய காலத்து வாசனை வருகிறது என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான். அவள் ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து உதறி மண்ணைக் கீழே கொட்டவைத்தாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. படத்தில் காவல்காரியாக நடிக்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டு, பிரமாதமாகச் செய்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனான்.

செம்பரம்பு தாமிரபரணிக் கரையில் ஒரு நீண்ட மேடு. அடியில், இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்த பழங்காலத்து இடுகாடு. இசக்கியம்மாள் அதன் காப்பாளர். தொடுதடம் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே இந்த வேலைக்கு வந்தவள். அந்த நாட்களில் ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர ஒருவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பகல் முழுவதும் ஒரு சொல்கூடப் பேசாமல் மண்ணைத் துலக்கிக்கொண்டே இருந்துவிட்டு வீட்டுக்குப் போவாள். அந்த அமைதிக்காகத்தான் அவள் இந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு தொடுதடம் வந்தது. ஒரு மனிதன் ஆழ்ந்த உணர்ச்சியோடு ஒரு பொருளை வெறுங்கையால் பிடித்தால், அந்த உணர்ச்சியின் சுவடு சுட்ட மண்ணிலும் உலோகத்திலும் படிந்துவிடுகிறது என்று ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள். அடுத்த மனிதக் கை படும்வரை, எத்தனை ஆயிரம் ஆண்டானாலும் அது அப்படியே இருக்கும். அடுத்த கை பட்ட கணத்தில் பழைய தடம் கலைந்துபோய்ப் புதியது படியும். கலைகிற அந்தக் கணத்தில் மட்டும், பக்கத்தில் தடமீட்டி என்ற கருவி இருந்தால், போகிற உணர்ச்சியைப் பிடித்துக்கொள்ளலாம். மரக்கிடுக்கியோ இயந்திரக் கையோ பட்டால் ஒன்றும் ஆகாது. உயிருள்ள தோலின் சூடு வேண்டும். சாகும்போது மட்டுமே வாய் திறக்கிற சாட்சி மாதிரி அது.

இதை வைத்து என்ன செய்யலாம் என்று மருத்துவர்களும் வரலாற்றாசிரியர்களும் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது படக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். புதையல் வேட்டைப் படங்கள் அதற்கு முன்பு செத்துக்கிடந்தன. குகை, பாம்பு, துரத்திவரும் பாறை, கடைசியில் ஒரு பேழை. எதையும் கணினியே வரைந்து தள்ளுகிற காலத்தில் பேழைக்குள் என்ன இருந்தால் யாருக்கென்ன? இப்போது பேழைக்குள் உண்மையான பொருள் இருந்தது. படம் வெளியாகும் நாளில் கடைசிக் காட்சி மட்டும் நேரலையாக நடக்கும். நாயகன் அந்தப் பொருளை வெறுங்கையால் எடுப்பான். அரங்குகளில் உணர்ச்சியைக் கடத்துகிற நெஞ்சுப்பட்டை கட்டி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்குள்ளும், என்றோ செத்துப்போன ஒருவரின் உணர்ச்சி அப்படியே இறங்கும். அதற்கு முதல்தொடுகை என்று பெயர்.

படையெடுப்புக்குப் பயந்து செப்புத் திருமேனிகளை மணலுக்கடியில் ஒளித்தவர்களின் நடுக்கத்தை ஊர் ஊராகப் பாப்கார்ன் தின்றுகொண்டே அனுபவித்தார்கள். ஒரு படத்தில் நாயகனுக்கு நல்ல பசி. பழைய தடத்தோடு அவன் பசியும் கலந்து பதிவாகிவிட, அரங்கை விட்டு வெளியே வந்த கூட்டம் மொத்தமும் நேரே பரோட்டாக் கடைகளில் போய் விழுந்தது. அதிலிருந்து நாயகர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் பொருளைத் தொட வேண்டும் என்று விதி வந்தது. பொருளுக்கு ஒரு விதியும் வரவில்லை. ஒரு படத்துக்கு ஒரு பொருள். தொட்டு முடித்ததும் அது வெறும் ஓடு.

இந்த முறை அவர்கள் கேட்டது சின்னத்தாழியில் இருந்த பாலாடையை.

அதைக் கண்டெடுத்தவள் இசக்கியம்மாள்தான். மற்றவற்றைவிடச் சிறிய ஒரு தாழி. உள்ளே மிகச் சிறிய எலும்புகள். அவற்றை ஒட்டி, பச்சிளம் குழந்தைக்குப் பால் புகட்டுகிற மூக்குவைத்த மண்கிண்ணம் ஒன்று. வைத்த கை யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. தாயாக இருக்கலாம், தகப்பனாக இருக்கலாம், பிள்ளையைத் தூக்கி வளர்த்த அக்காளாக இருக்கலாம். அதற்குப் பிறகு அந்தக் கிண்ணத்தை ஒருவரும் தொட்டதில்லை என்பது மட்டும் உறுதி. மரக்கிடுக்கியால் எடுத்து, வைக்கோல் பரப்பிய பெட்டிக்குள் வைத்து, அகழ்களத்துக் கொட்டகையின் உள்ளறையில் பூட்டியிருந்தாள்.

படத்தின் இயக்குநர் தீனதயாள் கொட்டகைக்கே வந்தார். நாற்பது வயதிருக்கும். சிரித்த முகம், பணிவான பேச்சு. கையுறையும் போட்டிருந்தார். அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வெறுப்பதற்கு வசதியாக ஒரு முரடன் வந்திருக்கலாம்.

"நாளைக்குக் காலையில உங்க கையால அதைக் குகைக்குள்ள வெச்சிட்டீங்கன்னா போதும்க்கா" என்றார். "மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

"அது என்னதுன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"அமுதகலசம்."

"பாலாடை. செத்துப்போன புள்ளைக்குப் பக்கத்துல வச்சது."

"தெரியும்க்கா. கதையில கலசம்."

கதையையும் சொன்னார். சாகாவரம் தருகிற கலசத்தைப் பாண்டிய மன்னன் ஒருவன் குகையில் ஒளித்துவைக்கிறான். அதைத் தேடி வில்லனும் நாயகனும் போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். நாயகன் கலசத்தைத் தொடும்போது மன்னனின் ஏக்கம் நமக்குள் இறங்கும். குழந்தையைப் பறிகொடுத்தவரின் துக்கம் ஏக்கத்துக்கு ரொம்பப் பக்கம் என்பதால் ரசிகர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று விளக்கினார். அதை அவர் வெட்கமில்லாமல் சொன்னார் என்பதைவிட, அதில் வெட்கப்பட ஏதாவது இருக்கிறது என்பதே அவருக்குத் தோன்றவில்லை என்பதுதான் அவளை உலுக்கியது.

அவள் தன்னால் முடிந்தவரை பொறுமையாகச் சொல்லிப்பார்த்தாள். இப்போதிருக்கும் தடமீட்டி முரட்டுக் கருவி. ஒரு தடத்தில் இருப்பதிலேயே பெரிய உணர்ச்சியை மட்டும் பிடுங்கிக்கொண்டு மற்றதையெல்லாம் சிதறவிட்டுவிடும். அந்தக் கையில் துக்கம் மட்டுமா இருந்திருக்கும்? பிள்ளை பால் குடித்த நாட்களின் நினைவு, தூக்கமில்லாத இரவுகளின் சலிப்பு, யார்மீதோ ஒரு மனத்தாங்கல், எல்லாம் முடிந்துவிட்டதே என்ற ஆறுதல்கூட இருந்திருக்கலாம். யார் கண்டது?

"இன்னும் நல்ல கருவி வரட்டும். அதுவரைக்கும் யாரும் தொடாண்டாம்."

"எப்ப வரும்?"

"எனக்குத் தெரியாது. நான் செத்தபெறகு வரட்டுமே. அதுக்கென்ன இப்போ?"

தீனதயாள் சிரித்தார். "ஜனங்க உயிரோட இருக்கும்போது பாக்கணும் இல்லையா அக்கா?"

அதற்குப் பிறகுதான் அவள் கத்த ஆரம்பித்தாள். கொட்டகைத் தகரம் அதிரும்படி கத்தினாள். இதுவரை தொட்டு அழித்த பொருட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கத்தினாள். உங்கள் வீட்டுச் சுடுகாட்டில் போய்த் தோண்டுங்கள் என்றாள். செத்தவன் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லமாட்டான் என்கிற தைரியம்தானே என்றாள். தீனதயாள் குறுக்கே பேசாமல், தலையைத் தலையை ஆட்டியபடி, பையிலிருந்த கடலைமிட்டாயை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு கேட்டார். அவள் மூச்சு வாங்க நின்றதும் ஒன்றை அவளிடமும் நீட்டினார்.

"இசக்கியம்மன் பேருக்கேத்த கோவம்க்கா உங்களுக்கு" என்றார். "அப்ப காலையில பதினோரு மணிக்கு ஷோ. கொஞ்சம் முன்னாடியே வெச்சுடுங்க."

சென்னையிலிருந்த தொல்லியல் துறை ஆணையரை அவள் தொலைபேசியில் பிடித்தாள். அவரும் பொறுமையாகக் கேட்டார். அரங்குக் கட்டணத்தில் வருகிற பங்கில்தான் அருங்காட்சியகத்தின் கூரை நிற்கிறது என்றார். காப்பாளர் என்ற முறையில் பொருளைக் கிடுக்கியால் எடுத்துவைக்கும் உரிமம் உங்களுக்கு மட்டும்தான், அதனால் நீங்களே வையுங்கள், மரியாதையாகவும் இருக்கும் என்றார். அவள் ராஜினாமா செய்வேன் என்றாள். செய்யுங்கள், அது உங்கள் உரிமை, ஆனால் நாளை மாலை அனுப்புங்கள் என்றார்.

மறுநாள் காலை பரம்பின் கீழ்ச்சரிவில் பிளாஸ்டர் குகை தயாராக நின்றது. அதன் வாசலில் சூடம் ஏற்றிப் பூசணிக்காய் உடைத்தார்கள். நாயகன் அகரன், தொடுவதற்கான வலதுகையை ஒரு வாரமாகப் பட்டுப்பையில் கட்டிவைத்திருந்தவன், நாற்காலியில் உட்கார்ந்து உதவியாளர் ஊட்டிவிட்ட இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இசக்கியம்மாள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பெட்டியைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெளியே ஒலிபெருக்கியில் யாரோ ஒன்று, இரண்டு, மூன்று என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஓய்ந்தது. கிண்ணத்தின் மூக்கு அவளைப் பார்த்துக் கிடந்தது. வனைந்தவனின் விரல் இழுத்த கோடு ஒன்று விளிம்பைச் சுற்றி ஓடி, பாதியில் நின்றிருந்தது. இத்தனை காலமும் இதனோடு பேசாமல் இருந்ததுதான் அவள் செய்த ஒரே நல்ல காரியம். கேட்காமல் இருப்பது. கேட்காமலேயே பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இதன் வாயைப் பிளந்து, உள்ளே இருப்பதில் பெரியதை மட்டும் பிடுங்கி, மன்னனின் ஏக்கம் என்று விற்கப்போகிறார்கள்.

அவள் கையுறையைக் கழற்றினாள்.

அவள் போட்ட கணக்கு இதுதான். வைப்பதற்கு முன் படக்குழு, தொடாமலே அழுத்தத்தை மட்டும் காட்டுகிற சோதனைக்கோலால் தடம் எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்று பார்க்கும். அவள் தொட்டுவிட்டால், அடியில் இருப்பது போய், அரசாங்கச் சம்பளம் வாங்குகிற ஒரு களைத்துப்போன பெண்ணின் சவசவத்த தடம்தான் மிஞ்சும். கோலின் முள் அசையாது. காட்சி நின்றுபோகும். அந்த முகம் தெரியாதவர் விற்கப்படுவதைவிட ஒருவருக்கும் கேட்காமல் போய்ச்சேரட்டும். இத்தனை ஆண்டுகள் காத்தவளுக்கு அதைச் செய்ய உரிமை இருக்கிறதா என்று ஒரு கேள்வி எழுந்தது. அதற்குப் பதில் தேடினால் கை பின்வாங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். கையை உள்ளே விட்டுக் கிண்ணத்தைப் பிடித்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. குளிர்ந்த மண். அவ்வளவுதான். ஏதாவது தெரியும், ஒரு விம்மலாவது உள்ளங்கையில் உரசிப்போகும் என்று தன்னையறியாமல் எதிர்பார்த்திருக்கிறாள். அவர் போய்விட்டார். பூமிக்கடியில் எல்லாவற்றையும் தாண்டி வந்தவர், அவள் கைபட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் கோபம் வந்தது. தோள்வழியாக இறங்கிக் கைக்கு வந்தது. கடலைமிட்டாயை நீட்டிய கைமீது, கூரையைப் பற்றிப் பேசிய குரல்மீது, பட்டுப்பைக்குள் பொத்திவைத்த கைமீது, மார்பில் பட்டை கட்டிக்கொண்டு அடுத்தவர் துக்கத்துக்கு வரிசையில் நிற்கிற அத்தனை பேர்மீதும். எல்லாவற்றுக்கும் மேல், இந்தக் காரியத்தைச் செய்ய வைத்துவிட்டார்களே என்று தன்மீதே. விரல்கள் வெளுக்கும்வரை கிண்ணத்தை இறுக்கிப் பிடித்தாள்.

கதவைத் தட்டினார்கள். கையுறையைப் போட்டு, கிடுக்கியால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தொழில்நுட்பக்காரன் சோதனைக்கோலை நீட்டினான். முள் விருட்டென்று எழும்பிக் கடைசிக்கோட்டில் முட்டி, அங்கேயே துடித்துக்கொண்டு நின்றது. அவன் கோலைத் தட்டிப் பார்த்தான், இன்னொரு கோலால் பார்த்தான், பிறகு தீனதயாளை ஓடிப்போய் அழைத்துவந்தான். இப்படி ஒன்றை இந்தத் தொழிலில் பார்த்ததே இல்லை என்றான். இசக்கியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். உரிமம் என்ற பேச்சையே மறந்து, பக்குவமாகக் கிண்ணத்தை வாங்கி, அவர்களே இயந்திரக் கையால் குகைக்குள் கொண்டுபோனார்கள்.

பதினோரு மணிக்கு அகரன் ஓடினான். பாம்புகளைத் தாண்டினான், பாறைக்குத் தப்பினான், பீடத்தின் முன் மண்டியிட்டான். பட்டுப்பையை உருவி எறிந்துவிட்டுப் பாலாடையை வலதுகையால் எடுத்தான்.

அவன் வசனம் பேசவேண்டிய இடம் அது. பேசவில்லை. முகம் கோணியது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தான். பிறகு, எழுதப்படாத ஒரு சத்தம் அவன் தொண்டையிலிருந்து வந்தது. அதே கணத்தில், நாடெங்கும் இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலிக் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்தார்கள். சிலர் எழுந்து நின்றார்கள். சில அரங்குகளில் திரைகள் கிழிந்தன. தீனதயாள் கண்காணிப்புத் திரைக்கு முன்னால், மார்பில் பட்டையோடு, கோபம் தாங்காமல் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

அது போல ஒரு வெற்றியைத் தமிழ்ப் படவுலகம் கண்டதில்லை. மன்னனின் ஏக்கம் என்ற பேச்சே காணாமல் போனது. மூதாதையரின் சினம் என்றார்கள். நம் முன்னோர்கள் எவ்வளவு பெரிதாகக் கோபப்பட்டிருக்கிறார்கள், நாம் ஏன் இப்படி உப்புச்சப்பில்லாமல் போனோம் என்று தொலைக்காட்சிகளில் விவாதித்தார்கள். அந்தச் சினம் எதற்கு என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: அந்நியர் படையெடுப்பு, ஆற்றுநீர்ச் சண்டை, பெண்ணடிமை. மக்கள் அந்தப் பதிவுக்காகத் திரும்பத் திரும்பப் போய் நெஞ்சுப்பட்டை கட்டிக்கொண்டு கோபப்பட்டார்கள். வெளியே வரும்போது மனசு லேசாகிவிட்டது என்றார்கள்.

இசக்கியம்மாள் ஆணையரிடம் நேரில் போய் உண்மையைச் சொன்னாள். தொட்டது நான். அது என் கோபம். உள்ளே இருந்தவரை நான் அழித்துவிட்டேன், என்மீது வழக்குப் போடுங்கள். ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்களுக்கு அந்தப் பொருள்மீது இருந்த பற்று எனக்குத் தெரியும் என்றார். இருந்தாலும் நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே என்று அவளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே குளிரூட்டிய அறையில் புத்தம்புதுச் சட்டி ஒன்றைக் கையில் கொடுத்து, எங்கே, கோபப்படுங்கள் பார்ப்போம் என்றார்கள். அவள் சட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கிண்ணத்தை வைத்தவரின் நினைவுதான் வந்தது. தடமீட்டி களைப்பும் கொஞ்சம் வெட்கமும் காட்டியது. உயிரோடு இருப்பவர்களிடம் அந்த அளவு சினம் பதிவானதே இல்லை என்று நல்லபடியாக விளக்கி, விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

கடைசியாகத் தீனதயாளைத் தேடிப் போனாள். அவர் ஒருவராவது நம்புவார் என்று நினைத்தாள். அன்று கொட்டகையில் அவ்வளவு நேரம் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஆயிற்றே. அவர் எழுந்து நின்று வரவேற்றார். காபி வரவழைத்தார். சொன்னதையெல்லாம் முழுதாகக் கேட்டார். பிறகு, புண்படுத்திவிடக்கூடாது என்கிற கவனத்தோடு, மெதுவாகப் பேசினார்.

"அது உங்க கோவம்னா, அன்னிக்கு என் முன்னாடி நின்னு அவ்வளவு நேரம் கத்தினீங்களேக்கா. எனக்கு ஒண்ணுமே ஆகலையே."

அவள் காபியைத் தொடாமலே எழுந்து வந்துவிட்டாள்.

துக்கத்துக்கும் பயத்துக்கும் இப்போது சந்தை இல்லை. எல்லாப் படநிறுவனங்களுக்கும் சினம் வேண்டும். பழைய இடுகாடு எங்கே இருந்தாலும் அங்கே தோண்டினார்கள். ஒரு தாழியில் ஒப்பாரியும் அடுத்ததில் அசதியும் அதற்கடுத்ததில் வெறும் அன்பும் கிடைக்கக் கிடைக்க, தொட்டுப் பார்த்துத் தூர எறிந்துவிட்டு இன்னும் ஆழமாகப் போனார்கள். ஓரிடத்தில் கிடைத்தது பக்கத்திலும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில், செம்பரம்பு முழுவதையும் திறக்க அனுமதி வந்தது.

அகழ்பொறி மேட்டில் ஏறிய காலையில் இசக்கியம்மாள் அதன் முன்னால் போய் நின்றாள். விடுப்பில் இருந்ததால் அடையாள அட்டை இல்லை, கையுறையும் இல்லை. இங்கே நீங்கள் தேடுவது இல்லை என்றாள். நீங்கள் தேடுவது நான்தான் என்றாள். கேட்காததால் கத்தினாள். மார்பில் அடித்துக்கொண்டு, தொண்டை கிழிய, பொறியின் இரும்புப் பற்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கத்தினாள். சுற்றி நின்ற வேலையாட்கள் பலரின் சட்டைகளில் அந்தப் படத்தில் கோணிய அகரனின் முகம் அச்சிட்டிருந்தது. அவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

பொறியை மேற்பார்த்த பொறியாளர், அவள் வயதையொத்த ஒரு பெண், பதறி ஓடிவந்தாள். அவளைத் தோளோடு அணைத்து, வேலியை நோக்கித் தள்ளிக்கொண்டு போனாள்.

"தள்ளி நில்லுங்கம்மா. உங்க கை கிய்யி எதுலயாவது பட்டுச்சுன்னா, உள்ள இருக்குற கோவம் கெட்டுப்போயிரும்."

அகழ்பொறி மண்ணுக்குள் இறங்கியது.